நீத்துப்பெட்டியாகிப்போன தொப்பி: வன்னியில் ஒரு கைப்பின்னல் அன்பளிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வின் பொருள் ஒரு குழந்தைத் தொப்பி. முல்லைத்தீவு மாவட்டத்தில், விசுவமடுவை அண்டிய ஒரு கிராமத்தில் வசிக்கும் ஆச்சி ஒருவர், ரொறொன்ரோவில் தம் மகளுக்குப் பிறக்கவிருந்த இரண்டாவது பிள்ளைக்காகச் செய்வித்து அனுப்ப விரும்பிய தொப்பி அது. முதலில் செய்தது தொப்பியாக வரவில்லை; பிட்டு அவிக்கும் கூம்புவடிவ ஓலைப்பெட்டியான நீத்துப்பெட்டிபோல வந்தது. பதினொரு நாள் கழித்துச் செய்தது வந்தது. நூலோ ஊசியோ பின்னிய கையோ இடையில் மாறவில்லை. மாறியது என்ன என்பதைப் படிப்படியாகப் பதிவுசெய்வதே என் நோக்கம். எங்கள் பகுதியில் கைப்பேசிக் காணொளியைப் பார்த்துப் பின்னத் தொடங்கும் இளம் பெண்கள் பலர், இதே இடத்தில்தான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, தமக்கு இது வராது என்று எழுந்துபோகிறார்கள்.

கைத்திறன் இல்லாததால் அது வராமற் போகவில்லை என்பது என் முடிவு. எண்ணி இழைக்கத் தெரிந்த ஊர் இது. ஆனால் கம்பளி நூலைக் கையில் எடுத்ததும் அந்த எண்ணிக்கையை ஒருபுறம் வைத்துவிட்டுப் படத்தை நம்பத் தொடங்குகிறோம். இந்த நிகழ்வில் அப்படி நம்பச் சொன்னவர்களுள் நானும் ஒருத்தி என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து, முறைப்பெயர்களாலேயே அவர்களைக் குறிப்பிடுகிறேன்.

மூன்று பேரும் அவர்களின் பழக்கமும்

ஆச்சிக்கு 67 வயது. பனையோலை வேலை அவருக்குத் தாய்வழி வந்தது. பெட்டி, கடகம், சுளகு, குட்டான், கொட்டைப்பெட்டி, பாய் என்று வீட்டுக்கு வேண்டிய எதையும் இழைப்பார். அயலில் யாருக்காவது கலியாணம் என்றால் ஒரு சோடிப் பெட்டி அவர் கையிலிருந்து போகும், காசு வாங்கமாட்டார். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் செட்டிகுளத்து முகாமில் இருந்த காலத்தில், ஓலை வாரும் சத்தகம் கையில் இல்லாததுதான் தமக்கு விரல் இல்லாததுபோல இருந்தது என்று ஒருமுறை சொன்னார். ஊர் திரும்பியபின் முதலில் வாங்கிய பொருள்களுள் ஒன்று சத்தகம்.

அடுத்த வளவில் இருக்கும் இளம் பெண் இரண்டாமவர். ஆச்சியைப் போல ஓலையில் இருக்க அவருக்குப் பொறுமை இல்லை. ஆனால் யூரியூப்பில் அமெரிக்கப் பெண்கள் செய்து காட்டும் குரோசே (ஒற்றைக் கொக்கி ஊசிப் பின்னல்) வேலையைப் பார்த்து, ஒலியை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் கவனித்துக் கற்றுக்கொண்டவர். அவர் பின்னும் பொம்மைகளும் தலைமயிர் வளையங்களும் பார்க்கத் துப்புரவாக இருக்கும். கண்ணிகள் எல்லாம் ஒரே இறுக்கத்தில் விழும். அது பயிற்சியால் மட்டும் வருவது, காணொளியால் வருவதன்று.

மூன்றாவது ஆள் நான், ஓய்வுபெற்ற மனைப்பொருளியல் ஆசிரியை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பின்னல் ஊசி கடையில் கிடைக்காதபோது, சைக்கிள் சில்லுக் கம்பியின் முனையைக் கருங்கல்லில் தேய்த்து ஊசியாக்கிக் கற்பித்தவள். அந்தக் கம்பி ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்பம். மெல்லிய நூலுக்கு அருமையானது, தடித்த நூலைப் பின்னினால் துணி தகரம்போல விறைத்து நிற்கும். பழைய சுவெற்றர்களைப் பிரித்துத்தான் நூல் எடுத்தோம். பிரித்த நூல் சுருள்சுருளாக இருக்கும். அதைக் கண்டாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, நனைத்து, கீழே ஒரு சிறு பாரம் தூங்கவிட்டு உலர்த்தினால் நேராகும். சுருளோடு பின்னினால் எந்த அளவும் பொய்க்கும். பின்னல் பற்றி என்னிடம் அக்காலத்தில் இருந்தது பிரித்தானிய முறையில் எழுதப்பட்ட ஒரேயொரு பழைய புத்தகம். அட்டை போய்விட்டது, உள்ளே இருப்பது போகவில்லை. அந்தப் புத்தகமும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம்.

முதல் முயற்சி

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ரொறொன்ரோவிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் மூன்று கிழமையில் திரும்பவிருந்தார். அவருடைய பெட்டியில் ஒரு மூலையைப் பேரப்பிள்ளைக்காக ஆச்சி கேட்டு வாங்கிக்கொண்டார். நூல் புதுக்குடியிருப்பில் ஒரு புடவைக்கடையில் வாங்கியது. கம்பளி நூல் என்று கேட்டுத்தான் வாங்கினார்கள். சுற்றுத்தாளைப் பார்த்தபோது அது முழுவதும் அக்ரிலிக். இதில் ஏமாற்று எதுவுமில்லை, எங்கள் பேச்சில் கம்பளி நூல் என்பது செம்மறியாட்டு மயிரைக் குறிப்பது நின்று வெகுகாலமாகிறது. குழந்தைப் பொருளுக்கு அக்ரிலிக் பொருத்தமில்லை என்றும் நான் நினைக்கவில்லை. அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

ஆச்சி என்னிடம் வந்தார். நான் புத்தகத்தில் பிறந்த குழந்தையின் தொப்பி இருக்கும் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து இளம் பெண்ணுக்கு அனுப்பினேன். குறிப்பு எளிது. நடுவில் ஆறு கண்ணிகளுடன் தொடங்க வேண்டும். எல்லாக் கண்ணிகளும் 'டபிள் குரோசே'. ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கண்ணி கூட்ட வேண்டும். 54 கண்ணி வந்ததும் கூட்டுவதை நிறுத்தி நேராக இறங்க வேண்டும். இதில் விளங்காத ஒரு சொல்லும் இல்லை. பெண்ணுக்கும் 'டபிள்' என்றால் தெரியும். பார்த்துச் செய்யட்டும் என்று நான் வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கேதான் பிழை தொடங்கிற்று.

ஒன்பது சுற்று முடிந்தபோது, தட்டாகக் கிடக்க வேண்டிய வட்டம் கூம்பாக எழுந்து நின்றது. கழுவி விரித்தால் சரியாகிவிடும் என்று அவர் மேலும் ஆறு சுற்றுப் பின்னினார். இந்தப் பிடிவாதத்தைக் கைவேலை செய்பவர் எல்லோரும் அறிவர். செய்த வேலை வீணாகக் கூடாது என்பதற்காகவே வீணான வேலையை இன்னும் கூட்டுகிறோம். கடைசியில் அவர் அதைக் கொண்டுபோய் ஆச்சியின் மடியில் வைத்தார். ஆச்சி அதைத் தலைகீழாகத் திருப்பி, முட்டியை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, தொப்பியோ நீத்துப்பெட்டியோ? இதுக்குள்ள பிட்டெல்லோ அவிக்கலாம்" என்றார்.

பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆச்சி அதைக் கவனித்தாரோ என்னவோ, அடுத்து அவர் சொன்ன வாக்கியத்தில்தான் இந்த ஆய்வு முழுவதும் தங்கியிருக்கிறது.

"உன்ர கையில பிழையில்லை. அடியை விரிக்கக் காணாமல் சுவரை எழுப்பிப்போட்டாய். எத்தினை கூட்டினனீ?"

ஏன் கூம்பாயிற்று

மறுநாள் மூவரும் ஆச்சியின் தாழ்வாரத்தில் இருந்தோம். வறண்ட சோளகக் காற்றில் ஓலை முறியும் என்று காலை வெயிலுக்கு முன்னரே அவர் இழைத்து முடித்திருந்தார். பக்கத்தில் இழைத்த நீத்துப்பெட்டி ஒன்றும் சாதாரணப் பெட்டி ஒன்றும் இருந்தன. இரண்டும் ஒரே ஓலை, ஒரே கை. பெட்டிக்கு முதலில் அடி தட்டையாக இழைக்கப்படுகிறது. வேண்டிய அகலம் வந்தபின்னரே மூலை திரும்பிச் சுவர் எழுகிறது. எத்தனை ஓலை வார்ந்து எடுத்தோம் என்பதில் பெட்டியின் வாயகலம் முன்னதாகவே முடிவாகிவிடுகிறது. நீத்துப்பெட்டியில் அப்படித் தட்டையான அடி கிடையாது. கீழே கூராகத் தொடங்கி, மேலே போகப்போக விரிகிறது. ஆவி கீழிருந்து ஒடுங்கி ஏற வேண்டும் என்பதற்காக அதை வேண்டுமென்றே அப்படிச் செய்கிறோம். தொப்பிக்கு வேண்டியது பெட்டியின் அடி.

வட்டப் பின்னலில் இதே கணக்கு வேறு உருவத்தில் இருக்கிறது. ஒரு வட்டம் தட்டாகக் கிடக்க வேண்டுமானால், ஒவ்வொரு புதிய சுற்றும் பழையதைவிட எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பதை அந்தச் சுற்றின் உயரம் தீர்மானிக்கிறது. சுற்று உயரத்தைப்போல 6.28 மடங்கு நீளம் கூட வேண்டும். குட்டையான கண்ணியொன்றின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமம். ஆகவே சுற்றுக்கு ஆறு கண்ணி கூட்டினால் வட்டம் படுத்துக்கிடக்கும். நெட்டையான கண்ணியின் உயரமோ அகலத்தைப்போல இரு மடங்குக்குக் கிட்ட வருவதால், அதற்குச் சுற்றுக்குப் பன்னிரண்டு கூட்ட வேண்டும். நெட்டைக் கண்ணியைப் பின்னிக்கொண்டு ஆறு மட்டும் கூட்டினால் வேண்டிய நீளத்தில் பாதிதான் கிடைக்கிறது. நீளம் போதாத சுற்று உள்நோக்கி இழுக்க, வட்டம் கூம்பாக எழுகிறது. எங்கள் தொப்பிக்கு நடந்தது இதுவே. குட்டைக் கண்ணியில் ஆறுக்கு மேல் அளவு மீறிக் கூட்டினால் எதிர்மாறாக, விளிம்பு பாவாடைச் சுருக்குப்போல நெளியும்.

சரி, புத்தகம் கேட்டது குட்டைக் கண்ணியை என்றால், பெண் ஏன் நெட்டைக் கண்ணி பின்னினார்? ஏனென்றால் 'டபிள் குரோசே' என்ற ஒரே பெயர் இரண்டு ஊர்களில் இரண்டு கண்ணிகளுக்கு வழங்குகிறது. பிரித்தானியர் 'டபிள்' என்பது குட்டைக் கண்ணியை. அமெரிக்கர் அதனைச் 'சிங்கிள்' என்பர். அமெரிக்கர் 'டபிள்' என்பது நெட்டைக் கண்ணியை. பிரித்தானியர் அதனை 'ட்ரெபிள்' என்பர். குட்டைக் கண்ணி பின்னும்போது, முடிக்கும் முன் ஊசியில் இரண்டு வளையம் நிற்கும், நெட்டைக் கண்ணிக்கு நூலை முதலில் ஒருமுறை சுற்றிக்கொள்வதால் மூன்று நிற்கும். அந்த வளையங்களை எண்ணினால் பிரித்தானியப் பெயர் மனதில் நிற்கும். வளையங்களுக்கூடாக நூலை எத்தனை தரம் இழுத்து முடிக்கிறோம் என்று எண்ணினால், ஒன்று, இரண்டு என்று அமெரிக்கப் பெயர் வரும். இரண்டும் ஒழுங்கான பெயர்முறைதான். கலந்தால்தான் பிட்டு அவிக்க வேண்டியிருக்கிறது.

நான் பிரித்தானியச் சொல்லில் பழகியவள், அவர் அமெரிக்கச் சொல்லில் பழகியவர் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். நாங்கள் ஒருவரையொருவர் கேட்கவேயில்லை, ஏனெனில் இருவருக்கும் சொல் விளங்கியிருந்தது. விளங்காத சொல்லைக் கேட்டுத் தெளிவது எளிது. விளங்கியதாகத் தோன்றும் சொல்லை எவரும் கேட்பதில்லை. வகுப்பறையில் இதைப் பலமுறை கண்டும் நான் மறந்துபோனேன்.

ஒரு குறிப்பு எந்த முறையில் எழுதப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. அதில் எங்காவது 'சிங்கிள் குரோசே' என்று வந்தால் அது அமெரிக்க முறை. 'ஹாஃப் ட்ரெபிள்' என்று வந்தால் பிரித்தானிய முறை. சொல்லே இல்லாமல் குறியீட்டு வரைபடம் இருந்தால் இன்னும் நல்லது. அதில் குட்டைக் கண்ணியைக் கூட்டற்குறி அல்லது பெருக்கற்குறி காட்டும். நெட்டைக் கண்ணியை, நடுக்காம்பில் ஒரு சாய்கோடு வெட்டும் ஆங்கில 'ரி' எழுத்து காட்டும். எந்த நாட்டவர் வரைந்தாலும் இதில் குழப்பம் வராது. இப்போது எங்கள் கொப்பிகளில் 'டபிள்' என்ற சொல்லையே எழுதுவதில்லை. குட்டை, நெட்டை என்று எழுதுகிறோம்.

இதற்கு ஒரு கிளைக்கதையும் உண்டு. பழைய பிரித்தானிய ஊசி எண்ணில் 8 என்பது 4 மில்லிமீற்றர். அமெரிக்க எண்ணில் 8 என்பது 5 மில்லிமீற்றர். முன்னதில் எண் ஏற ஏற ஊசி மெலியும், பின்னதில் தடிக்கும். இந்த முறை அது எங்களைக் கடிக்கவில்லை, ஏனென்றால் அந்த வீட்டில் இருந்ததே ஒரேயோர் ஊசி, அதில் 4 மில்லிமீற்றர் என்று பொறித்திருந்தது.

அளந்து தொடங்கிய இரண்டாம் முயற்சி

பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொண்டு அதே 54 கண்ணித் தொப்பியைப் பின்னியிருந்தால் அது தொப்பியாக வந்திருக்கும். ஆனால் பிள்ளைக்கு உதவியிராது. அதைத் தடுத்ததும் ஆச்சிதான். "ஆருக்குப் பெட்டி, அதுக்குள்ள என்ன வைக்கப் போறம் எண்டு கேளாமல் நான் ஓலை வாருறேல்லை" என்றார். அன்றிரவு வட்ஸ்அப்பில் மகளிடம் கேட்டோம். பிறந்தவுடன் போடுவதற்குத் தொப்பி நிறையக் கிடைத்துவிட்டது, பிள்ளை கார்த்திகை முடிவில் பிறக்கும், வெளியே கொண்டு திரிவது தை, மாசியில்தான், அந்தக் குளிருக்கு ஒன்று இருந்தால் உதவி என்று மகள் பதில் எழுதினார். ஆகவே தேவைப்பட்டது பிறந்த குழந்தையின் தொப்பியன்று, ஏறத்தாழ மூன்று மாதக் குழந்தையின் தொப்பி. பிறக்கும்போது தலைச்சுற்றளவு சராசரியாக 34 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். மூன்று மாதத்தில் 40ஐ அண்டிவிடும். ஆறு சென்ரிமீற்றர் என்பது சிறிய வேறுபாடன்று. அன்பளிப்பாக வரும் குழந்தைத் தொப்பிகளில் பாதி ஒருநாளும் தலையேறாமல் அலுமாரியில் கிடப்பதற்கு இந்த ஆறு சென்ரிமீற்றர்தான் காரணம் என்று நான் சந்தேகிக்கிறேன்.

அடுத்து மாதிரித் துண்டு. பன்னிரண்டு சென்ரிமீற்றர்ச் சதுரமாக ஒரு துண்டைக் குட்டைக் கண்ணியில் பின்னி, நனைத்து உலர்த்தி, ஓரத்தை விட்டு நடுவில் பத்துச் சென்ரிமீற்றரை அளக்க வேண்டும். இளம் பெண்ணுக்கு இது பிடிக்கவில்லை. நூல் வீண், நேரம் வீண், உறவினர் புறப்பட இன்னும் பத்து நாள்தான் என்றார். நானும் வகுப்பில் இதை வற்புறுத்திய நாள்கள் குறைவு. பாடவேளை நாற்பது நிமிடம், மாதிரித் துண்டைக் கற்பித்தால் பொருள் முடியாது, பொருள் முடியாவிட்டால் கண்காட்சிக்கு வைக்க ஒன்றுமில்லை. இப்படித்தான் ஒரு தலைமுறைக்கு மிக முக்கியமான படியைக் கற்பிக்காமல் விட்டோம். ஆச்சி மட்டும் அந்தத் துண்டை வினோதமாகப் பார்க்கவில்லை. புது மரத்து ஓலை என்றால் தாமும் முதலில் ஒரு கீற்றை வார்ந்து, வளைத்து, எவ்வளவு தாங்கும் என்று பார்த்தபிறகே வேலை தொடங்குவாராம்.

மாதிரித் துண்டில் பத்துச் சென்ரிமீற்றருக்கு 18 கண்ணி அகலம், 20 வரிசை உயரம் வந்தது. புத்தகம் 16 கண்ணி கேட்டது. பெண்ணின் கை சற்று இறுக்கம். ஊசியை மாற்றிப் புத்தகத்தின் எண்ணுக்கு வருவதே வழக்கமான அறிவுரை. எங்களிடம் வேறு ஊசி இல்லை. ஆகவே கையை மாற்றாமல் எண்ணை மாற்றினோம். ஒரு வீட்டுக்கு ஓர் ஊசி என்ற நிலையில் இதுவே நேர்மையான வழி என்பேன்.

கணக்கு இதோ. தலை 40. பின்னல் இழுபட்டுப் பிடிக்க வேண்டும் என்பதால் மூன்று குறைத்து 37. பத்துக்கு 18 கண்ணி வீதம் 37க்கு 66.6, ஆறால் மீதியின்றி வகுபட வேண்டும் என்பதால் 66. சுற்றுக்கு ஆறு வீதம் 66ஐ எட்டப் பதினொரு சுற்று. ஒரு சுற்று அரைச் சென்ரிமீற்றர் உயரம், ஆகவே பதினொரு சுற்றில் நடுவிலிருந்து விளிம்புக்கு ஐந்தரை, வட்டத்தின் விட்டம் பதினொன்று. 37ஐ 3.14ஆல் வகுத்தால் 11.8 வருகிறது; எங்கள் வட்டம் அதைவிடச் சற்றுச் சிறியது, உச்சந்தலை எப்படியும் தட்டில்லை என்பதால் அது போதும். அதன்பின் கூட்டாமல் பதினெட்டுச் சுற்று இறங்கினால் உச்சியிலிருந்து விளிம்புக்குப் பதினான்கரை. மடித்துவிட மேலும் ஆறு சுற்று.

கூட்டும் கண்ணிகளை ஒவ்வொரு சுற்றிலும் நேர்மேலாக அடுக்கினால் வட்டம் அறுகோணமாகிவிடும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று இடம் மாற்றிக் கூட்ட வேண்டும். சுற்று தொடங்கும் இடத்தை அடையாளப்படுத்த ஊக்குக் குத்துவது வழக்கம். ஆச்சி ஓர் ஈர்க்குத் துண்டை மடித்துச் செருகிக் கொடுத்தார். ஊக்கைவிட அது நன்றாயிருந்தது, நூலைக் கிழிக்கவில்லை.

ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஆச்சி "எத்தினை?" என்று கேட்பார், பெண் எண்ணிச் சொல்வார். பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்துநாலு. ஏழாம் சுற்றில் நாற்பத்தொன்று வந்தது. ஒரு கண்ணி குறைவு. பெண் அதை அடுத்த சுற்றில் சரிக்கட்டலாம் என்றார். ஆச்சி விடவில்லை, பிரிக்கச் சொன்னார். பிரித்துப் பின்னப் பத்து நிமிடம் சென்றது. பதினொராம் சுற்றில் தொப்பியின் அடி தரையில் தட்டாகக் கிடந்தபோது, ஆச்சி அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

நூலும் கழுவுதலும்

அக்ரிலிக் நூலை நான் ஏன் தடுக்கவில்லை என்பதற்கு விளக்கம் தர வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆச்சியின் முதற் பேரனுக்கு ஒரு கையில்லாச் சுவெற்றரைப் பின்னிக் கொடுத்தவள் நான். அதற்கான நூல் கனடாவிலிருந்து வந்த அசல் செம்மறியாட்டுக் கம்பளி. இரண்டு ஊசியில், நேர்கண்ணியும் மறுகண்ணியும் மாறிமாறி வரும் இழுபடு விளிம்புடன், என் வாழ்நாளில் பின்னியவற்றுள் துப்புரவான ஒன்று. மகள் அதை மற்ற உடுப்புகளுடன் இயந்திரத்தில் சுடுநீரில் போட்டு, பின் சூடான உலர்த்தியிலும் போட்டார். வெளியே வந்தது பொம்மைக்கு அளவானது. கம்பளி மயிரின் மேற்பரப்பில் மீன் செதில்போன்ற அடுக்கு இருக்கிறது; ஈரமும் சூடும் உரசலும் சேரும்போது அந்தச் செதில்கள் ஒன்றையொன்று கொளுவிக்கொள்கின்றன, இழை இழையாக இருந்தது ஒரே தடிப்பாகிவிடுகிறது. பிறகு இழுத்தாலும் விரியாது. குற்றம் மகளுடையதன்று. குழந்தைப் பிள்ளைக்காரி கையால் கழுவிக்கொண்டிருப்பார் என்று எதிர்பார்த்ததும், நூலின் சுற்றுத்தாளை எறிந்ததும் நான். மகள் அழுதுகொண்டு தொலைபேசி எடுத்ததை இன்னும் மறக்கவில்லை. அன்பளிப்புக் கொடுத்து ஒருவரை அழவைத்தது எனக்கு முதல் அனுபவம்.

அக்ரிலிக் அப்படிச் சுருங்காது, இயந்திரத்தில் போடலாம், விலையும் குறைவு. அதன் குறைகளும் தெரிந்திருக்க வேண்டும். வியர்வையை உறிஞ்சாது. சூடான ஸ்திரிக்கைப்பெட்டி பட்டால் இளகி, விறைப்பற்றுப் படுத்துவிடும், அதை மீட்க முடியாது. எங்கள் வெயிலுக்குப் பின்னுவதானால் நான் பருத்தி நூலையே சொல்வேன். அது ஈரத்தை உறிஞ்சும். ஆனால் கம்பளியைப்போல இழுபட்டு மீளாது, தன் பாரத்தாலேயே தொய்யும், ஆகையால் அளவைச் சற்றுக் குறைத்தே தொடங்க வேண்டும். குளிர்நாட்டுத் தொப்பிக்கு அக்ரிலிக் போதும் என்பது இந்த நிகழ்வில் எங்கள் தீர்மானம். இம்முறை சுற்றுத்தாளை வெட்டி, ஒரு சிறு அட்டையில் ஒட்டி, தொப்பியோடு நூலால் கட்டி அனுப்பினோம். அதில் தண்ணீர்த் தொட்டிக்குள் எண் இருந்தால் அதற்குமேல் சூடு ஆகாது, தொட்டிக்குள் கை இருந்தால் கையால் கழுவ வேண்டும், சதுரத்துக்குள் வட்டம் வெட்டப்பட்டிருந்தால் உலர்த்தியில் போடக் கூடாது.

பெண் தொப்பியோடு சோடியாகக் கையுறையும் பின்ன விரும்பினார், அதுவும் துளைத்துளையான அலங்காரக் கண்ணியில். இதை நான் கண்டிப்பாக மறுத்தேன். குழந்தையின் விரல் துளைக்குள் போய்ச் சிக்கும். உள்ளே தொங்கும் ஒரு நூல் விரலைச் சுற்றி இறுக்கினால் இரத்தோட்டமே தடைப்படலாம், பிள்ளை ஏன் அழுகிறது என்று வெளியே எவருக்கும் தெரியாது. அதே காரணத்துக்காகத் தொப்பியின் உள்நூல்களைக் கண்ணிகளுக்குள் மூன்று திசையில் ஓட்டி வெட்டினோம், பொத்தானும் பந்தும் வைக்கவில்லை. உச்சியில் ஒரு பந்து இல்லாமல் தொப்பி மொட்டையாக இருக்கிறது என்பது ஆச்சியின் குறை; அவர் சொன்னதில் உண்மை உண்டு, நாங்கள் அசையவில்லை. வீட்டுக்குள், முக்கியமாகத் தூங்கும்போது, தொப்பியைக் கழற்றிவிட வேண்டும் என்றும் அட்டையில் எழுதினேன். சூடேற்றிய வீட்டில் குழந்தை தன் மேலதிக வெப்பத்தைத் தலைவழியாகவே பெரிதும் வெளியேற்றுகிறது.

அட்டை நிறைந்து பின்பக்கத்துக்கும் போய்விட்டது. அன்பளிப்போடு இவ்வளவு எழுத்து அனுப்புவது அழகா என்று இளம் பெண் கேட்டார். அழகில்லைத்தான்.

அனுப்பியபின்

தொப்பி உறவினருடைய பெட்டியில் போயிற்று. பிள்ளை கார்த்திகையில் பிறந்தது, பெண் பிள்ளை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு அங்கே எடுத்த படத்தில் தொப்பி இல்லை. தலைக்குப் பெரிதாக இருந்ததாம், எதிர்பார்த்ததுதான். தைப்பொங்கலுக்கு மறுகிழமை வந்த படத்தில் இருந்தது. விளிம்பை ஒரு மடிப்பு மடித்துவிட்டிருந்தார்கள். மாசியில் அந்த மடிப்பையும் விரித்துவிட்டார்கள், காதை மூட அது வேண்டியிருந்ததாம். இன்னும் இரண்டு சுற்றுக் கூட்டியிருக்கலாம் என்று கொப்பியில் எழுதிவைத்திருக்கிறோம். இயந்திரத்தில் பலமுறை கழுவியும் அளவு மாறவில்லை என்று மகள் எழுதினார். சிறு மயிர்ப்பந்துகள் எழுந்திருப்பதாகவும் எழுதினார், அது அக்ரிலிக்கின் இயல்பு.

அதன்பின் அந்தத் தாழ்வாரத்தில் ஐந்து பெண்கள் சனிக்கிழமைகளில் கூடுகிறார்கள். விற்கலாமே என்று வருபவர்கள் கேட்கிறார்கள். நான் அவசரப்படுத்தவில்லை. ஒரு தொப்பிக்குப் போகும் நேரத்தைக் கூலியாகக் கணக்கிட்டால் சந்தையில் கிடக்கும் இயந்திரத் தொப்பியுடன் போட்டியிட முடியாது. யாருக்கென்று தெரிந்து பின்னும்போதுதான் அந்த நேரத்துக்குப் பொருள் இருக்கிறது. இப்போதைக்கு அயலில் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பருத்தித் தொப்பியும் காலுறையும் போகின்றன. தலையளவு கேட்க வெட்கப்படுபவர்களுக்கு, தாயிடம் இருக்கும் பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைப் பார்த்து எழுதிவரச் சொல்லியிருக்கிறேன்.

ஓலையும் இதற்குள் வந்துவிட்டது. வவுனியாவிலிருக்கும் தோழி ஒருத்திக்கு இளம் பெண் முதன்முதலாகத் தானே இழைத்த குட்டான் ஒன்றை மாரி காலத்தில் கொடுத்தார். ஓலை சரியாகக் காயவில்லை. மூடி திறந்தபோது உள்ளே பூஞ்சணம். இம்முறை கண்ணி சரி, கணக்குச் சரி, காயவிட்ட நாள் பிழை. ஆச்சி தம் குட்டான்களை அடுப்புக்கு மேலே பரணில் வைத்துத்தான் மாரியைத் தாண்டுவார். அதைச் சொல்ல மறந்துபோனதாக ஒப்புக்கொண்டார்.

இந்த ஆய்வை எழுதத் தொடங்கியபோது, முதலில் பின்னிய அந்தக் கூம்பைப் படமெடுத்து இதனுடன் வைக்க எண்ணி ஆச்சியிடம் கேட்டேன். அவர் அதை எப்போதோ பிரித்து, நனைத்து, பாரம் தூங்கவிட்டு நேராக்கி, ஒரு பனம் மட்டைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். பாதி நூல் ஏற்கனவே முன்வீட்டுப் பிள்ளையின் காலுறையாகியிருந்தது.

"நல்ல நூல் ரீச்சர், பிழையைக் காட்டவெண்டு வைக்கவோ?" என்று கேட்டுவிட்டு, மிச்ச நூல் இன்னொரு காலுக்குக் காணுமா என்று அளந்து பார்க்கச் சொல்லி மட்டையை என் கையில் தந்தார்.